பக்கத்து வீட்டு அடுப்பு

அப்பாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்ட ஒரு துண்டுத் துணி போதவில்லை. சிமெண்ட் தின்று வெடித்த விரல்கள் விலகி விலகிப் போயின. செந்தமிழ்ச்செல்வி பழைய வேட்டியின் கரையைப் பல்லால் கடித்துக் கிழித்துக்கொண்டிருந்தபோது வாசலில் சைக்கிள் மணி அடித்தது.

"மேஸ்திரி! ஆதிமூலம் மேஸ்திரி! எழுந்துட்டிங்களா?"

ஒன்றிய அலுவலகத்தில் சாண எரிவாயுத் திட்டத்தைப் பார்க்கும் விரிவாக்க அலுவலர் தெய்வசிகாமணி. முழங்கால்வரை சேறு. கேரியரில் செய்தித்தாள் சுற்றிய பொட்டலம் ஒன்றைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். அதை அவிழ்த்தபடியே பேசினார்.

"கடலூர் விழா ரத்தாயிடுச்சி மேஸ்திரி. கலெக்டரே ரோட்டைத் தாண்ட முடியல. கேடயம் மட்டும் போன வாரமே ஆபீசுக்கு வந்துடுச்சி. வூட்லயே குடுத்துடுவோம்னு மரம் மரமா சைக்கிளத் தூக்கிக்கினு..."

நிமிர்ந்தவர் உள்ளே பார்த்தார். பொட்டலத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"விடிகாலையில சார். நெஞ்சு வலின்னாரு. அவ்ளோதான்" என்றாள் செல்வி.

இடஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியலால் மாவட்டமே நின்றுபோயிருந்த வாரம் அது. கள்ளக்குறிச்சி சாலையின் இருபுறமும் இருந்த புளியமரங்கள் குறுக்கே கிடந்தன. பஸ் இல்லை, லாரி இல்லை. கரியாலூரில் ஒரு சாண கேஸ் கலன் கட்டிக்கொண்டிருந்த ஆதிமூலம், எப்படியாவது கடலூர் போய்ச் சேர வேண்டுமென்று முந்தின நாள் மலையிலிருந்து நடந்தே இறங்கி வந்தார். வெந்நீர் கேட்டுக் குடித்தார். வெள்ளைச் சட்டையை எடுத்து வைக்கச் சொன்னார். படுத்தார். டாக்டரிடம் கொண்டுபோக வண்டியும் கிடைக்கவில்லை, வழியும் கிடைக்கவில்லை.

தெய்வசிகாமணி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். செய்தித்தாளைப் பிரித்துக் கேடயத்தை அப்பாவின் தலைமாட்டில் சாய்த்து வைத்தார். தேக்குப் பலகை, நடுவில் பித்தளைத் தகடு. குனிந்து, பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல் உரக்கப் படித்தார்.

"தென்னார்க்காடு மாவட்டத்தின் சிறந்த சாண எரிவாயுக் கலன் கொத்தனார், திரு. க. ஆதிமூலம்." பிறகு சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சொன்னார். "மத்தவங்க கட்டினதுல பாதி அடுத்த வருசமே படுத்துடுச்சி. இவரு கட்டினது ஒண்ணுகூட கசியல. எல்லாம் எரிஞ்சிக்கினு இருக்கு."

அது செல்விக்குத் தெரியும். கலனுக்குள் ஈர வைக்கோலைக் கொளுத்தி, குழாயை மூடிவிட்டு, மேலே கவிந்த கூண்டைச் சுற்றி நாலு காலில் தவழ்ந்து மோப்பம் பிடிப்பார் அப்பா. நூலளவு புகை வந்தாலும் பூச்சைக் கொத்திப் போட்டுவிட்டு மறுபடி பூசுவார். வைக்கோல் எடுத்துக் கொடுத்தே வளர்ந்தவள் அவள்.

மூலையில் கிடந்த அம்மா குஞ்சம்மாள் தலையைத் தூக்கினாள்.

"ஊரெல்லாம் எரியுது சார். இந்தத் தெருவுல எவ எங்க வூட்ல கை நனைச்சா, கேளுங்க."



மூன்று வருடத்துக்கு முன் ஆதிமூலம் தன் வீட்டுக் கலனில் கக்கூஸ் குழாயையும் கொண்டுவந்து சேர்த்தார். சேர்த்தால் கேஸ் கூடும், நாற்றம் வராது என்று மற்றவர்களுக்குச் சொல்லுமுன் தன் வீட்டில் செய்து காட்ட நினைத்தார். அன்றோடு தெரு அந்த வீட்டில் சாப்பிடுவதை நிறுத்திக்கொண்டது. 'கக்கூஸ் கேஸ்' என்று பெயர் வைத்தார்கள். செல்வியின் மகளுக்குக் காது குத்தியபோது வந்த சனம் சந்தனம் பூசிக்கொண்டு, இலை போடுவதற்குள் எழுந்து போய்விட்டது. மிஞ்சிய சோற்றை அம்மா மாட்டுத் தொட்டியில் கொட்டியதைச் செல்வி பார்த்திருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள் அத்தை அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. அவள்தான் எல்லோருக்கும் முன்னால் எழுந்தவள். அந்த மாதமே நடுச்சுவரை உயர்த்தி மேலே பாட்டில் சில்லு பதித்தாள்.

வெயில் ஏற ஏறச் சனம் சேர்ந்தது. அப்பா கலன் கட்டிக் கொடுத்த ஊர்களிலிருந்து வயல் வரப்பில் இறங்கியும் விழுந்த மரங்களில் ஏறியும் வந்தார்கள். கரியாலூரிலிருந்து நாலு பேர் வந்தார்கள். செல்வியின் தம்பி கலையரசன் மட்டும் வரவில்லை. கள்ளக்குறிச்சி லாரிப் பட்டறையில் இருக்கும் அவனுக்குச் சைக்கிளில் ஆள் போயிருந்தது. கொள்ளி வைக்க வேண்டியவன் வரும்வரை எடுக்க முடியாது. நடந்து வந்த சனத்துக்கும் குழந்தைகளுக்கும் பசி வந்துவிட்டது.

சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. சோறு பச்சையம்மாள் வீட்டிலிருந்து வர வேண்டும். பிறந்த வீட்டுச் சாவுக்குச் சோறு போடுவது கட்டிக்கொடுத்த தங்கையின் பொறுப்பு. அவளும் காலையிலிருந்தே அண்டாவை ஏற்றிவிட்டு ஊதிக்கொண்டுதான் இருந்தாள். சுவருக்கு மேலே புகைதான் வந்தது. ராத்திரி பெய்த மழையில் விறகு ஊறிப்போயிருந்தது. லாரி வராததால் ரேஷனில் மண்ணெண்ணெயும் இல்லை.

"ரோடு பூரா மரம் கெடக்குது. அடுப்புல வைக்க ஒரு சுள்ளி இல்ல" என்று அவள் புருஷன் பழனியைத் திட்டுவது கேட்டது. "பச்ச மரத்த வெட்டிப் போட்டீங்களே, ரெண்டு காஞ்ச மரம் பாத்து வெட்டக் கூடாதா?"

"இன்னாமே பேசற? மறியலு பண்ணப் போனவன் வெறகா பொறுக்கிக்கினு வருவான்?"

செல்வி கொல்லைப்பக்கம் போனாள். காலையிலிருந்து அடுப்பு எரியாததால் கூண்டுக்குள் கேஸ் முட்டி, கழிவுத் தொட்டியில் கரைசல் விளிம்புவரை ஏறி நின்றது. வீணாகப் போகிற கேஸ். அவள் அப்பாவின் சாமான் சாக்கை இழுத்துக் கவிழ்த்தாள். கரியாலூர் வேலைக்கென்று வாங்கிய ரப்பர் குழாய்ச் சுருள் உருண்டு விழுந்தது.

அடுப்படியில் குழாயைப் பிடுங்கி இதோடு சேர்த்துக் கம்பியால் முறுக்கினாள். அடுப்பைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு சுவரோரம் வந்து நின்றாள்.

"அத்தே!"

எட்டிப் பார்த்த பச்சையம்மாளின் கண் இரண்டும் மிளகாய்ப் பழம்போல் இருந்தன.

"அடுப்ப அந்தப் பக்கம் வாங்கிக்கோ. குழாய் எட்டும்."

"அய்ய! அதுலயா?"

"சாணிதான் அத்தே."

"சாணி மட்டுமாடி?"

செல்வி அடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அடுப்பு தலையில் கனத்தது. அத்தை திரும்பித் தன் அண்டாவைப் பார்த்தாள். அரைவேக்காட்டில் அரிசி கிடந்தது.

இதற்குள் ஆண்கள் கூடிவிட்டார்கள். சாவு வீட்டுக் கேஸ் எரிந்தால் சாவு வீட்டு அடுப்பு எரிந்த மாதிரிதானே என்றார் ஒருவர். எல்லோரும் பழனியைப் பார்த்தார்கள். முறை தெரிந்தவர் அவர். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெய்வசிகாமணியைக் கேட்டார்.

"சார், கேசுன்றது நெருப்பா?"

"இல்லீங்க. பத்தவச்சாத்தான் நெருப்பு."

"பத்தவைக்கிறது யாரு வூட்ல?"

"உங்க வூட்லதாங்க."

"அப்ப எங்க வூட்டு அடுப்புதான். முடிஞ்சிபோச்சி."

"ரொம்ப நல்லா முடிச்ச, போ" என்றாள் பச்சையம்மாள். "ஆக்கப்போறது நான்." முந்தானையை இழுத்துச் செருகினாள். அடுத்து என்ன சொல்வாளோ என்று செல்வி பார்த்தபடி இருந்தாள். "பொறந்த வூட்டு சாவுல சனம் பட்டினியா போச்சின்னா நாளைக்கி எம் மூஞ்சிலதான் காறித் துப்புவாளுங்க. குடுடி அத."

அடுப்பு சுவர் தாண்டியது. குழாய்தான் தகராறு செய்தது. பாட்டில் சில்லில் பட்டால் கிழிந்துவிடும். சாக்கு போட்டார்கள், வழுக்கிச் சரிந்தது. குஞ்சம்மாள் எழுந்து உள்ளே போனாள். தலைமாட்டிலிருந்த கேடயத்தைக் கொண்டுவந்து சில்லுகளின் மேல் மல்லாக்க அழுத்தி வைத்துக் குழாயை அதன்மேல் போட்டாள்.

"அம்மா, அது கலெக்டர் கையெழுத்து போட்டு..." என்றார் தெய்வசிகாமணி.

"தேக்குதானே சார்? தாங்கும்."

சுவருக்கு அந்தப் பக்கம் தீக்குச்சி கிழிக்கும் சத்தம் கேட்டது. ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு புஸ்ஸென்று பற்றிக்கொண்டது.

"எம்மா! பொகையே இல்ல" என்றது பச்சையம்மாளின் குரல், யாரிடமும் இல்லாமல்.

சின்ன அடுப்பில் அண்டா நிற்காததால் அதை இறக்கிவிட்டுச் சட்டி சட்டியாக வடித்தாள். அது முடிகிற நேரத்தில் பழனி தன் வாசலில் இலை போட்டார். கரியாலூர்க்காரர்கள், வழி நடந்து வந்தவர்கள், குழந்தைகள், தெருக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்தார்கள். சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது. ஒரு கையும் இலைக்குப் போகவில்லை. கரியாலூர்க்காரர்கள் ஊர்க்காரர்கள் தொடங்கட்டும் என்று காத்திருந்தார்கள். ஊர்க்காரர்கள் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, எழுவதற்காகக் கையை ஊன்றினார்.

செல்வி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காதுகுத்தன்றும் இப்படித்தான் ஒரு கை முதலில் தரையில் ஊன்றியது. பின்னால் அம்மா வந்து நின்றது மூச்சுச் சத்தத்தில் தெரிந்தது.

பச்சையம்மாள் கரண்டியைச் சட்டியில் போட்டாள்.

"இன்னா பாக்கறீங்க? வெந்துதான் இருக்குது."

அவள் சட்டியிலிருந்து ஒரு கை சோற்றை அள்ளினாள். சூடு பொறுக்காமல் இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றி ஊதி, நின்ற வாக்கிலேயே வாயில் போட்டு மென்றாள். எல்லோரும் அவள் தொண்டையையே பார்த்தார்கள். விழுங்கினாள்.

"உப்பு கம்மியாத்தான் இருக்குது" என்றாள். "வோணும்னா கேட்டு வாங்கித் துன்னுங்க. பெரியவரே, கையக் கீழ வச்சிக்கினு இன்னா பண்றீங்க? இலையில வையுங்க."

கிழவர் கையை எடுத்து இலையில் வைத்தார்.

பிறகு சாப்பிடும் சத்தம்தான். ஒரு குழந்தை இன்னும் சோறு கேட்டது. குஞ்சம்மாள் திரும்பி உள்ளே போய்ப் புருஷனின் காலடியில் உட்கார்ந்தாள். அன்று முதல்முறையாகச் சத்தம் போட்டு அழுதாள்.

கலையரசன் பிற்பகலில் வந்தான். சட்டையெல்லாம் கிரீசும் புளிய இலையுமாக இருந்தது. அக்காளைக் கட்டிக்கொண்டு, "நேத்து நானும் ரெண்டு மரம் இழுத்துப் போட்டேன்க்கா" என்று மட்டும் சொன்னான். அவள் அவன் தலையிலிருந்த இலையைத் தட்டிவிட்டுக் குளிக்க அனுப்பினாள். பறை முழங்கியது. தெருமுனைவரை போன பெண்கள் அங்கேயே நின்றுகொண்டார்கள். பாடை மறையும்வரை பார்த்துவிட்டு ஏரியில் தலைமுழுகிவிட்டுத் திரும்பினார்கள்.

வீடு கழுவியிருந்தது. கட்டில் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. ஈரப் புடவையோடு செல்வி கொல்லைக்குப் போனாள். பகலெல்லாம் எரிந்ததில் கழிவுத் தொட்டியில் கரைசல் இறங்கியிருந்தது. கலனுக்கு இன்றைக்குச் சாணி போட வேண்டும். மாடு கட்டிய இடத்திலேயே நின்றது, யாரும் அள்ளவில்லை.

கலவைத் தொட்டிப் பக்கம் யாரோ குனிந்திருந்தார்கள்.

கக்கூஸ் குழாய் வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்தில், முழங்காலுக்கு மேல் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பச்சையம்மாள் நின்றிருந்தாள். காலடியில் அவள் வீட்டுக் கூடை, அவள் வீட்டு மாட்டுச் சாணி. முழங்கைவரை தொட்டிக்குள் விட்டுக் கட்டிகளை உடைத்துக்கொண்டிருந்தாள்.

நிமிரவில்லை.

"தண்ணி எவ்ளோடி ஊத்தணும்?"

"சாணி எவ்ளோ இருக்குதோ அவ்ளோ, அத்தே."

செல்வி குடத்தை எடுத்துச் சாய்த்தாள். தண்ணீர் விழ விழ, அத்தையின் கை தொட்டிக்குள் சுற்றிச் சுற்றி வந்தது.