வேலியோரத்து ட்ரெயிலர்

வாடகைக்கு எடுத்த ஆஸ்பத்திரிக் கட்டில் ட்ரெயிலரின் கதவால் உள்ளே போகாது என்பது அளவுநாடாவை விரிக்கும்போதே சாரங்கனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அளந்தான். வீட்டு ஹோலில் கட்டிலில் படுத்திருந்த அப்பா பேரின்பநாதன் கண்ணாடிக் கதவு வழியாக அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஈரலில் தொடங்கிய புற்றுநோய் உடம்பெங்கும் பரவிவிட்டது. ஆஸ்பத்திரி வேண்டாம் என்று அவர் சொன்னதால் மொன்ட்ரியாலுக்குப் பக்கத்துக் கர்க்லாண்ட் வீட்டுக்கே கொண்டுவந்திருந்தார்கள். அன்று காலை மகன் உதடுகளை நனைத்துவிட்டபோது, தன்னை ட்ரெயிலருக்குள் கொண்டுபோய் விடச் சொன்னார். மோர்பின் மயக்கத்தில் கதைக்கிறார் என்று சாரங்கன் நினைத்தான். கொஞ்ச நேரம் கழித்து, "அளந்தனியோ?" என்று கேட்டார்.

பின்வளவில், சிடார் வேலியோரம் நின்றது அந்த ட்ரெயிலர். அலுமினியத் தகட்டால் செய்த, முட்டை போன்ற பழைய வண்டி. ஐம்பதுகளில் செய்தது. இருபது வருடங்களுக்கு முன்பு அப்பா அதை மாக்கிரட் என்ற விதவையிடம் வாங்கினார். கல்யாணம் முடித்த புதிதில் அவளும் புருஷனும் அதற்குள்தான் குடியிருந்தார்களாம். வடக்கே அணைக்கட்டு வேலை எங்கே நடந்ததோ அங்கே இழுத்துக்கொண்டு போவார்கள். ஐஸ்காரன் கொண்டுவரும் கட்டியைப் பெட்டிக்குள் வைத்துப் பாலைக் காப்பாற்றியது, பிள்ளையைக் கைகழுவும் தொட்டியில் குளிப்பாட்டியது, பனிக்காலத்தில் வண்டியைச் சுற்றி வைக்கோல் அடைத்தது எல்லாவற்றையும் அவள் சொல்லியிருந்தாள். அப்பா வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அதையெல்லாம் தானே வாழ்ந்ததுபோலச் சொல்லுவார். தான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கதையை மட்டும் சொல்ல மாட்டார்.

வாங்கிய அன்றைக்கு அம்மா யோகராணி கோபப்பட்டாள். யுத்தத்துக்கு ஓடிவந்து, மொன்ட்ரியால்-நோர் பகுதியில் ஒரு அறைக்குள் நெரிபட்டு, கடைசியில் ஒரு வீடு வாங்கிய பிறகு இன்னுமொரு கூடாரம் எதற்கு என்று கேட்டாள். "இது எண்டா ஓடேக்க இழுத்துக்கொண்டு ஓடலாம்," என்றார் அப்பா. எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. கோடையில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் ட்ரெயிலரைக் காரில் கொளுவிக்கொண்டு ஏதாவது ஏரிக்கரைக்குப் போனார். அம்மா ஒருமுறைகூட அதற்குள் படுத்ததில்லை. தன்னைவிட்டு விலகி இருக்கத்தான் போகிறார் என்று சாரங்கனிடம் ஒரு தடவை சொல்லியிருக்கிறாள்.

மதியம் பற்றிக் என்ற ஆண் தாதி வந்தான். சாரங்கன் பிரெஞ்சில் விஷயத்தைச் சொல்ல, பற்றிக் போய் ட்ரெயிலரை எட்டிப் பார்த்தான். மேசையை இறக்கி மெத்தைகளைப் போட்டால் கட்டிலாகும், ஆளைத் துணியில் வைத்துத் தூக்கலாம், மருந்துப் பம்பும் கூடவே போகும் என்றான்.

அம்மா சம்மதிக்கவில்லை.

"வாசலுக்கு வெளியில போட்டுச் சாகவிட்டினம் எண்டு சனம் கதைக்கும். செத்தவீட்டில நான் ஆற்றை முகத்தைப் பாக்கிறது?"

அப்பா கண்ணை மூடியபடியே, "ராணி, நீயும் வா," என்றார்.

அம்மா குசினிக்குள் போனாள். தண்ணீர் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் மடிப்புக் கலையாத புதுப் படுக்கைவிரிப்பு இருந்தது.

"இதில தூக்குங்கோ. பழசு கிழிஞ்சு போகும். தலைப்பக்கம் முன்னுக்குப் போகவேணும்."

தூக்கியபோது அவருக்குப் பாரமே இல்லை. படுக்கவைத்துவிட்டு பற்றிக் பம்பைச் சரிபார்த்துப் போய்விட்டான். அம்மா மெத்தை ஓரத்தில் உட்கார்ந்தாள். சாரங்கன் வெளியே படியில் இருந்தான்.

"ஏன் இஞ்ச?" என்று அம்மா கேட்டாள். "வீட்டில என்ன குறை?"

அவர் மூச்சை எடுத்து எடுத்துக் கதைத்தார்.

"இதின்ர கூரை விழுந்தாலும் ஆளைக் கொல்லாது."

யாழ்ப்பாணத்தில் விமானக் குண்டில் சீமெந்துக் கூரை இறங்கி, அப்பாவும் அவருடைய தம்பியும் அதற்குக் கீழே அகப்பட்டதும், அப்பாவை மட்டும் உயிரோடு எடுத்ததும் சாரங்கனுக்கு அம்மா சொல்லித் தெரியும். வீட்டில் அவர் நித்திரையில் கத்துவதும், அம்மா தட்டி எழுப்புவதும் சின்ன வயதிலிருந்தே கேட்டுப் பழகியவை.

"இதுக்குள்ள கத்துறேல்லையோ?"

"இல்லை."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

சிறிது நேரத்தில் மெத்தை கிரீச்சிட்டது. சாரங்கன் திரும்பிப் பார்த்தான். ஒரு ஆளுக்கே போதாத இடத்தில் அம்மா தகட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டு படுத்திருந்தாள். அவருடைய கை அவள் வயிற்றின்மேல் கிடந்தது.

அன்று பின்னேரம் பள்ளிக்கூட பஸ்கள் தெருவால் போகத் தொடங்கியபோது அவர் மூச்சு நின்றுவிட்டது. அம்மா உடனே சொல்லவில்லை. பிறகுதான் மெதுவாக, "தம்பி, அப்பா போயிட்டார்," என்றாள்.

உடலை எடுக்க வந்த இரண்டு பேரும் கதவடியில் தடுமாறினார்கள். சாரங்கன் ஸ்க்ரூ டிரைவர் கொண்டுவந்து கதவையே கழற்றிப் புல்லில் சாத்தினான். நிலையின் தகட்டு விளிம்பு விரிப்பில் கொளுவாமல் அம்மா கையால் பிடித்துக்கொண்டாள்.

செத்தவீட்டில் ஒரு தூரத்து உறவுக்காரி, ஆஸ்பத்திரியிலா வீட்டிலா சீவன் போனது என்று அம்மாவிடம் கேட்டாள். சாரங்கன் தலையைக் குனிந்தான்.

"ட்ரெயிலருக்குள்ள. நானும் பக்கத்தில படுத்திருந்தனான்," என்றாள் அம்மா. அதற்குமேல் அந்தப் பெண் கேட்கவில்லை.

ஒக்டோபரில், பனிக்கு முன்பு ட்ரெயிலரை மூடிக்கட்டுவதற்காக சாரங்கன் தான் குடியிருக்கும் நோத்ர-டாம்-த-கிரேஸிலிருந்து வந்தான். வீட்டில் மணி அடித்தான். யாரும் திறக்கவில்லை. தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு பின்வளவுக்கு நடந்தான். செத்தவீட்டுக்குப் பிறகு அவன் திரும்பப் பொருத்தியிருந்த ட்ரெயிலரின் கதவு உள்ளிருந்து சாத்தியிருந்தது. படிக்குக் கீழே அம்மாவின் செருப்புகள் சோடியாகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தன. ஒன்றின்மேல் மேப்பிள் இலைகள் இரண்டு விழுந்து கிடந்தன.