இரண்டு பேரின் சராசரி

சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் எப்சி வேலை பார்த்தாள். அங்கே ஆண்டுக்கு ஒருமுறை ஊழியர்கள் தங்கள் மேலாளருக்கு ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவார்கள். யார் எவ்வளவு போட்டார்கள் என்பது வெளியே வராது என்று உறுதி சொல்லித்தான் கேட்பார்கள். பதில்களைத் தொகுத்து, கேள்விக்கு ஒரு வரியாகச் சராசரியைக் காட்டும் அட்டவணையை மேலாளர்களுக்கு அனுப்புவது எப்சியின் பொறுப்பு. சிறிய குழுவாக இருந்தால் யார் போட்டது என்று ஊகித்துவிடலாம் என்பதால் சராசரிக்குப் பதில் வெறும் கோடு இருக்க வேண்டும். இந்த முறை புது மென்பொருளுக்கு மாறியபோது அந்த விதியைப் பதிய மறந்துவிட்டாள்.

மேலாளர் சூர்யநாராயணன் குழுவில் கேசவன், ஜீவிதா என்று இரண்டே பேர். 'என் மேலாளர் பாரபட்சம் காட்டுவதில்லை' என்ற வரிக்கு நேரே 3.0 என்று வந்திருந்தது. கேசவன் அவரோடு சேர்ந்து சாப்பிடுகிறவன், எதற்கும் மறுத்துப் பேசாதவன். அவன் ஐந்துதான் போட்டிருப்பான் என்று சூர்யநாராயணன் நினைத்தார். அப்படியானால் ஜீவிதா போட்டது ஒன்று. கணக்கு பொருந்திவிட்டது. அவளுக்கென்று பேசி வைத்திருந்த புது புராஜெக்ட் கேசவனுக்குப் போனது. மீட்டிங்குகளுக்கும் அவளைக் கூப்பிடுவதில்லை.

ஜீவிதா மாடம்பாக்கத்துப் பெண். மாலையில் தாம்பரம் போகும் கம்பெனி பஸ்ஸில் எப்சியின் பக்கத்து சீட். சார் முகம் கொடுத்தே பேசுவதில்லை, கேட்டால், "உங்க ஒப்பீனியனத்தான் சர்வேல சொல்லிட்டீங்களே" என்கிறார் என்று ஒருநாள் சொன்னாள்.

மறுநாள் காலை எப்சி அந்த ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்தாள். பிறகு தொகுப்பவர்கள் மட்டுமே பார்க்கக்கூடிய தனித்தனிப் பதில்களையும் பார்த்தாள். ஐந்து போட்டவள் ஜீவிதா. ஒன்று போட்டவன் கேசவன்.

அவள் சூர்யநாராயணனிடம் போய், அந்தச் சராசரியைக் காட்டியிருக்கவே கூடாது, தவறு தன்னுடையது, ரிப்போர்ட்டைத் திரும்பப் பெறுகிறோம் என்றாள்.

"பரவாயில்லம்மா. யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றார் அவர்.

"ரெண்டு பேரோட ஆவரேஜை வச்சு அப்படிச் சொல்ல முடியாது சார்."

"அப்ப நான் நினைக்கறது தப்பா?"

தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் கேசவன் மாட்டிக்கொள்வான். எப்சி பேசாமல் நின்றாள். தான் நினைத்தது சரிதான் என்று அவர் எடுத்துக்கொண்டு லேப்டாப் பக்கம் திரும்பினார்.

எப்சி தன் மேலதிகாரி லோகநாயகியிடம் நடந்ததைச் சொன்னாள். எல்லா ரிப்போர்ட்டையும் திருத்தி அனுப்பச் சொன்ன லோகநாயகி, யார் என்ன போட்டார்கள் என்பதை மட்டும் யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்றார். ஜீவிதா கேட்டால் வேறு குழுவுக்கு மாற்றித் தருவதாகவும் சொன்னார்.

அன்று மாலை பஸ் மேடவாக்கம் தாண்டியதும் எப்சி தன் தவறை மட்டும் ஜீவிதாவிடம் சொன்னாள். அந்தச் சராசரி எவ்வளவு என்று ஜீவிதா கேட்டாள். சூர்யநாராயணன் ஏற்கெனவே பார்த்துவிட்ட எண்தான் என்பதால் எப்சி சொன்னாள். 

"நான் அஞ்சு போட்டேன் அக்கா."

 சாரிடம் போய் அதைச் சொல்லப்போகிறாயா என்று மட்டும் எப்சி கேட்டாள்.

"சொன்னா நம்ப மாட்டாரு. நம்பினா கேசவன் அண்ணாவுக்குக் கஷ்டம். அவரு ஏன் அப்படிப் போட்டாருன்னு எனக்குத் தெரியாது. ஏதாவது இருந்திருக்கும்." பிறகு, "இப்ப கேட்டா நான் அஞ்சு போட மாட்டேன்" என்றாள்.

அந்த மாதமே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். புதுக் குழுவில் வேலை முடிய நேரமாகும் என்பதால் மாலை பஸ்ஸில் அவள் வருவது நின்றுபோனது. கேன்டீனில் எப்போதாவது எதிர்ப்படும்போது இருவரும் சிரித்துக்கொள்வார்கள். அதைப் பற்றிப் பிறகு பேசவில்லை.