படிக்கட்டு யார் பங்கு

காலையில் வேலைக்கு வந்த தார்ப்பாய்க்காரி, படிக்கட்டுக் கதவில் புதுப் பூட்டு தொங்குவதைப் பார்த்தாள். யார் வேலை என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கொழுந்தனைத் தவிர வேறு யார்?

துறைமுகத்தை ஒட்டிய அந்தத் தெரு முழுக்கப் பழைய பண்டகசாலைகள்தான். மாமனார் விட்டுப்போன கட்டடத்தில் கீழ்த்தளம் தம்பிக்கு, மேல்தளம் அண்ணனுக்கு என்று பாகம் பிரித்தபோது, கடல் பார்த்த சன்னல்கள் யாருக்கு என்று வாய் வலிக்கச் சண்டை போட்டார்கள். கீழ்த்தளத்துக்குள்ளிருந்து ஏறும் படிக்கட்டு யார் பங்கு என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இத்தனை காலம் அது பெரிதாகப்படவுமில்லை. இப்போது ஒரு ஹோட்டல் கம்பெனி கட்டடத்தை முழுசாகக் கேட்கிறது. கொழுந்தன் தயார். இவள் மாட்டேன் என்றுவிட்டாள். ஒரு முழுப் படகுக்கான தார்ப்பாயை மடிக்காமல் விரித்துத் தைக்க இப்படியொரு தளம் வேறெங்கே கிடைக்கும்? தொழிலே அந்தத் தரையில்தான் நின்றது.

கூட வந்த புருஷன் வழக்கம்போல, பேசாமல் கொடுத்துவிடலாமே என்று இழுத்தான். சொந்தத் தம்பியிடம் முகத்தை முறிக்க அவனுக்கு ஆகாது. அவள் அண்ணாந்து பார்த்தாள். மேல்தளத்துச் சுவரில் தெருவைப் பார்த்துச் சரக்குக் கதவு, அதற்கு மேலே உத்தரத்தில் இரட்டைக் கப்பி. துணி உருளைகள் எல்லாம் அதில்தான் மேலே போகும். அந்த உயரத்துக்கு எந்தத் திருடன் வருவான் என்று கதவுக்கு அவள் தாழ் போடுவதேயில்லை.

“நானும் ஒரு உருளைதானே, இழுங்க” என்றாள்.

அவள் ஏறி உட்கார்ந்த சரக்குத் தூளி அவள் கையால் தைத்தது. அதன் தையலில் அவளுக்குத் துளிச் சந்தேகமில்லை. புருஷன் இடுப்புதான் காலை வாரியது. பாதி உயரத்தில் சுளீரென்று பிடித்துக்கொள்ள, கயிற்றை இரும்புத் தூணில் சுற்றிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். அந்த நேரம் பார்த்துக் கொழுந்தன் வந்து சேர்ந்தான், கூடவே ஹோட்டல்காரர்கள் இருவர்.

அண்ணன் கிடந்த கிடப்பைப் பார்த்ததும் ஓடிவந்து கயிற்றைப் பிடித்தான். பிடித்த பிறகுதான் மேலே தொங்குவது யார் என்று பார்த்தான். ஹோட்டல்காரர்களில் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் கைக்குட்டையை எடுத்தார். கொழுந்தனுக்கு முகம் கறுத்துவிட்டது.

“ஏத்தவா, எறக்கவா அண்ணி?” என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. கீழே கருங்கல் தளம். ஆனால் அண்ணியைக் கீழே போட்டுவிட்டுப் போகிற ஆள் இவனில்லை என்பது அவளுக்குத் தெரியும். பூட்டுப் போடுவான், அவ்வளவுதான்.

“ஏத்துங்க தம்பி. ஆர்டர் நிக்குது.”

கொழுந்தன் ஹோட்டல்காரர்களைத் திரும்பிப் பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றி உதறி, சுவரில் ஒரு காலை ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தான். கப்பி கிறீச்சிட்டது. சரக்குக் கதவின் வாசல்படி அவள் முகத்துக்கு நேரே வந்தது, இடுப்புக்கு இறங்கியது. அவள் கையை நீட்டிக் கதவை உள்ளே தள்ளினாள்.