சும்மா நாள்

பேருந்துப் பணிமனையில் யார் எந்த வண்டியை எந்த நாளில் ஓட்டுவது என்று டூட்டி போடுகிறவருக்கு ஓட்டுநர்கள் வைத்திருந்த பெயர் ‘சார்ட்டு’. முகத்துக்கு நேரே அண்ணே, முதுகுக்குப் பின்னால் சார்ட்டு. அவருக்கும் அது தெரியும். உள்ளூர அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. அத்தனை ஓட்டுநர்களின் பல்வலியையும், மச்சான் வீட்டு விசேஷத்தையும், ஒருவரோடு ஒருவருக்கு இருக்கும் மனஸ்தாபத்தையும் சுவரில் மாட்டிய ஒரே வெள்ளைப் பலகைக்குள் அடக்கி, ஒரு வண்டிகூட நிற்காமல் ஓடவைப்பது லேசுப்பட்ட காரியமா? அவர் உட்காரும் அறையின் கண்ணாடித் தடுப்பில் வட்டமாக ஓர் ஓட்டை இருக்கும். அந்த ஓட்டை வழியாக உள்ளே வராத பொய் கிடையாது. ஒரே பெரியப்பாவை இரண்டு முறை சாகடித்து லீவு வாங்கியவர்களையும் அவர் பார்த்திருக்கிறார்.

அதனால்தான் ஒரு பிற்பகலில், ‘நிதானம்’ என்று எல்லோரும் கூப்பிடும் பெண் வந்து அந்த ஓட்டைக்கு நேரே குனிந்தபோது, இந்த அம்மாவுக்கு எந்தப் பெரியப்பாவோ என்று நினைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரி ரூட்டில் ஓடும் வண்டிக்கு அவள்தான் ஓட்டுநர். பிரேக் போட்டால் நிற்கிறவர்கள் கையிலிருக்கும் டீகூடச் சிந்தாது என்பார்கள். அந்தப் பெயர் அப்படி வந்ததுதான். வந்தவள் லீவு கேட்கவில்லை. மூன்று நாளைக்கு ஒரு நாள் தன்னை வண்டியில் ஏற்ற வேண்டாம், வேறு எந்த வேலை கொடுத்தாலும் செய்கிறேன் என்றாள்.

“ஏம்மா, கண்ணு கிண்ணு சரியில்லையா?”

“கண்ணு நல்லா இருக்குண்ணே. மனசுதான்.” பின்னால் யாருமில்லையே என்று திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். “ரெண்டு வருஷமா எதுவுமே ஒட்ட மாட்டேங்குது. சாப்பாடு, டிவி, பொண்ணு பேசுறது, எதுவும். காரணம்னு ஒண்ணு இருந்தா அதுகூட சண்டை போடலாம். காரணமே இல்ல. அழுகைகூட வரல. மாத்திரையெல்லாம் போட்டுப் பாத்தாச்சு. இப்ப பெரிய ஆஸ்பத்திரில ஒரு ஆராய்ச்சி நடக்குது, அதுல சேந்திருக்கேன். காளான் மருந்து.”

“காளானா? சமைக்கிற காளானா?”

“மயக்கம் குடுக்குமே, அந்தக் காளான். ஆனா துளியூண்டு. மயக்கமெல்லாம் வராது. பலன் இருக்கா இல்லையான்னே இன்னும் யாருக்கும் தெரியாதாம், அதைத்தான் பாக்குறாங்க. சாப்பிட்ட அன்னைக்கு மட்டும் வண்டி ஓட்டக் கூடாதுன்னு கண்டிஷன்.”

சார்ட்டுவுக்கு முதலில் வந்தது பயம். ஆனால் கணக்கு என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் பயம் அவருக்குள் அதிக நேரம் தங்காது. அதென்ன மூன்று நாள் கணக்கு என்று கேட்டார். இதிலும் பல முறை உண்டாம். ஒருநாள் விட்டு ஒருநாள் எடுப்பவர்கள் இருக்கிறார்களாம். வாரத்தில் இரண்டு கிழமைகளைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கிழமைகளில் மட்டும் எடுப்பவர்களும் இருக்கிறார்களாம். இவளுடையது ஒருநாள் எடுத்துவிட்டு இரண்டு நாள் விடுவது. தினமும் எடுத்தால் உடம்பு பழகிப்போய், மருந்து வேலை செய்வதை நிறுத்திவிடுமாம். அதற்குத்தான் இடைவெளி.

“மொத நாள் மருந்து நாள். அடுத்தது மறுநாள். மூணாவது நாள் சும்மா நாள்” என்றாள். “உங்களுக்குச் சிரமம்னா கிழமை முறைக்கு மாத்தித் தரச் சொல்லி டாக்டர்கிட்ட கேக்குறேன்ணே. ஆனா இந்த முறையில இப்பத்தான் ஏதோ லேசா அசையிற மாதிரி இருக்கு.”

கிழமை முறை என்றால் அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். மூன்று நாள் முறையோ வாரத்துக்கு வாரம் நழுவிக்கொண்டே போகும். ஏழும் மூன்றும் எந்தக் காலத்தில் ஒத்துப்போயின? இன்று திங்களில் நிற்பது அடுத்த வாரம் புதனில் போய் நிற்கும். அவர் பலகையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஓட்டுவதை நிறுத்திக்கொள்ளாமலும், மறைத்துக்கொண்டு ஓட்டாமலும், நடுவே ஒரு வழி கேட்டு வந்து நிற்கிறாள். வாயைத் திறக்காமல் மருந்தை விழுங்கிவிட்டு வண்டியில் ஏறியிருந்தால் கேட்க யார் இருக்கிறார்கள்? அவருக்கு அந்த அம்மாள்மீது பெரிய மரியாதை உண்டாயிற்று.

“அசையிறத ஏன் கெடுக்கணும்? நான் பாத்துக்கிறேன்” என்றார்.

பாத்துக்கிறேன் என்று சொல்வது சுலபம். மருந்து நாட்களில் அவளைத் தொலைந்த பொருட்கள் அறையில் உட்காரவைத்தார். அந்த நாட்களில் ஆஸ்பத்திரி ரூட்டுக்கு ஆள் வேண்டும். ஒருவரை நகர்த்தினால் மூவர் நகர வேண்டியிருந்தது. மூவர் நகர்ந்தால் ஒருவருக்காவது முகம் கோணியது. அதிகம் கோணியது ‘ஹாரன்’ என்று பேரெடுத்த ஓட்டுநரின் முகம். அவர் ரகசியம் பேசினாலே டீசல் பங்க் வரைக்கும் கேட்கும். “நமக்கெல்லாம் கியரு. நிதானத்துக்கு மட்டும் நாற்காலி. சார்ட்டு மனசுல என்ன சார்ட்டோ!” என்று அவர் சொன்னது எப்படியோ சார்ட்டுவின் வீடு வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

“யாருங்க அந்த நிதானம்?” என்று மனைவி கேட்டாள்.

“சும்மா, ஒரு டிரைவர்.”

“சும்மாவா?”

விஷயத்தைச் சொன்னால் அடுத்தவர் ரகசியம் போய்விடும்; சொல்லாவிட்டால் தன் மானம் போய்விடும். மனுஷன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

ஒரு மருந்து நாளில், ஏதோ வேலை இருப்பதுபோல் அந்த அறைப் பக்கம் போனார். என்ன எதிர்பார்த்தார் என்று அவருக்கே தெரியாது. கண் சொருகியிருக்கும், சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள் என்று இருக்கலாம். அவள் ரொம்பச் சாதாரணமாக உட்கார்ந்து, குடைகளை நீளவாரியாகப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“குடையெல்லாம் என்கிட்ட பேசுதான்னு பாக்க வந்தீங்களாண்ணே?”

கையும் களவுமாகப் பிடிபட்டவர்போல் அவர் விழித்தார். அவள் கிண்டல் செய்து அவர் கேட்டதே இல்லை. பிறகு அவள் ஒரு சின்ன ஷூவை எடுத்துக் காட்டினாள். ஒற்றை ஷூ, கைக்குள் அடங்கிவிடும். யாரோ ஒரு குழந்தை ஜன்னலோரம் கழற்றிப் போட்டது. “இதைத் துடைக்கிறப்ப அழுகை வந்துச்சுண்ணே” என்றாள், பரிசு விழுந்த செய்தியைச் சொல்கிற முகத்தோடு. “மருந்துதானா, இல்ல அதுவாவே வந்துச்சான்னு தெரியல. ஆனா வந்துச்சு.” சார்ட்டு அங்கே அதற்குமேல் நிற்கவில்லை. தன் கண்ணும் கலங்குவது வேறு யார் கண்ணிலாவது பட்டால் அதற்கும் ஹாரன் ஓர் அர்த்தம் கண்டுபிடிப்பார்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்த கணக்கு ஒரு மழைக்காலையில் முட்டிக்கொண்டது. இரண்டு ஓட்டுநர்களுக்குக் காய்ச்சல். இருந்த ஆட்கள் எல்லோரும் ஏற்கனவே வண்டியில் ஏறிவிட்டார்கள், அல்லது இரவு டூட்டி முடித்து அப்போதுதான் இறங்கியிருந்தார்கள். ஆஸ்பத்திரி ரூட் வண்டி வாசலில் வெறுமனே நின்றது. கூரையின் கீழ் வரிசை நீண்டுகொண்டே போனது. மேனேஜர் தானே வெளியே வந்தார். தொலைந்த பொருட்கள் அறை வாசலில் நின்ற நிதானத்தைப் பார்த்தார்.

“அதான் இவங்க இருக்காங்களே! வண்டிய எடுங்கம்மா.”

சார்ட்டு அறையிலிருந்து ஓடிவந்தார். இருபது வருடம் அடுத்தவர் பொய்களைக் கேட்ட அனுபவத்தில் ஒரு பொய் சொல்லத் தெரியாதா? “அவங்களுக்கு இடுப்பு வலி சார். உக்கார முடியாது.”

“இடுப்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு சார்” என்றாள் நிதானம்.

அவள் சார்ட்டுவைப் பார்த்து, மன்னியுங்கள் என்பதுபோல் லேசாகத் தலையாட்டிவிட்டு, மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மனசு, ஆஸ்பத்திரி, காளான், மூன்று நாள் கணக்கு. குரலைத் தாழ்த்தவில்லை. சுற்றி நின்ற ஓட்டுநர்கள் கேட்டார்கள். வரிசையில் முன்னால் நின்ற பயணிகளும் கேட்டார்கள். யாரோ களுக்கென்று சிரித்தார்.

“போதையில இருக்கியா?” என்று ஹாரன் முழங்கினார்.

“போதை வர்ற அளவே இல்ல. ஒருவேளை இப்ப ஓட்டுனாக்கூட ஒண்ணும் ஆகாது. ஆனா அந்த ஒருவேளைய நம்பி இத்தன பேர ஏத்த மாட்டேன். நாளைக்கு ஓட்டுறேன். இன்னைக்கு முடியாது.”

மேனேஜர் கெட்டவர் இல்லை, ஆனால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர். அவர் முகம் வெளுத்துச் சிவந்தது. அந்த ட்ரிப்பை ரத்து செய்யச் சொன்னார். போகும்போது திரும்பி, “நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் என் ரூமுக்கு வாங்க. வேலை இருக்கா இல்லையான்னு அப்பப் பேசுவோம்” என்றார்.

அன்று இரவு சார்ட்டு மனைவியிடம் முழுக்கதையையும் சொன்னார். இனி அது ரகசியமில்லையே. கேட்டு முடித்தவள், “இடுப்பு வலின்னு சொன்னீங்களாக்கும்” என்று தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம், “அவங்க வேலை போயிடுமா?” என்றாள். தெரியவில்லை என்றார். மனசு தேறி வருகிற நேரத்தில் கையிலிருக்கும் ஸ்டியரிங் போய்விட்டால் அவள் மறுபடி எங்கே போய் விழுவாளோ என்பதுதான் அவர் கவலை. இருந்தும், மழையில் அவள் நின்ற நிற்பை நினைக்கும்போதெல்லாம் அவர் முதுகும் தானாக நிமிர்ந்தது.

மறுநாள் மேனேஜர் வருவதற்கு முன்பே சார்ட்டு வந்துவிட்டார். நிதானம் அவருக்கும் முன்னால் வந்து, சீருடை மடிப்புக் கலையாமல், மேனேஜர் அறை வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சார்ட்டு தன் அறைக்குள் போய் விளக்கைப் போட்டார். கண்ணாடியில் நிழல் விழுந்தது. ஹாரன் நின்றுகொண்டிருந்தார்.

வம்புக்குத்தான் வந்திருக்கிறார் என்று சார்ட்டு தயாரானார். ஹாரன் அக்கம்பக்கம் பார்த்தார். பெரிய உடம்பை மடக்கி ஓட்டைக்கு நேரே குனிந்தார். சார்ட்டு காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டியிருந்தது, அவ்வளவு மெல்லிய குரல்.

“அண்ணே, நான் நைட்டு தூக்க மாத்திரை போடுறேன். ரொம்ப நாளா. காலையில மொத ட்ரிப்புல ரோடு ரெண்டா தெரியுது. யார்கிட்டயும் சொன்னதில்ல. எனக்கு மொத ட்ரிப்பு வேணாம்ணே.”

சார்ட்டு அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தார். பின்னால் இன்னொருவர், தரையைப் பார்த்தபடி. அவருக்குப் பின்னால் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு ஒருவர். அதற்கும் பின்னால், ஒருவரோடு ஒருவர் பேசாமல், முன்னால் நிற்பவர் சொல்வது காதில் விழாத அளவுக்கு இடம் விட்டு, ஆட்கள் டீசல் பங்க்கைத் தாண்டி நின்றிருந்தார்கள். பெஞ்சில் இருந்தபடியே நிதானம் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் எழுந்துபோய், ஈரத்துணியால் பலகையில் இருந்த அந்த வாரம் முழுவதையும் துடைத்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, ஓட்டைப் பக்கம் காதைச் சாய்த்தார்.