முன்சீட்டு அத்தை

என் கணவருக்குச் சொந்தபந்தம் அதிகம். காலையில் ரயில் நிலையத்திலிருந்து ஒரு மாமாவை ஏற்றிக்கொண்டு போவார். மதியம் ஒரு சித்தி. சாயங்காலம் பெட்டியும் கையுமாக ஒரு பெரியப்பா. அத்தனை பேரும் முன்சீட்டில்தான் உட்கார வேண்டும். பின்சீட்டில் ஆள் உட்கார்ந்தால் வாடகைச் சவாரி என்று காட்டிக்கொடுத்துவிடுமாம். மற்ற டாக்சிக்காரர்கள் இவருக்குச் 'சொந்தக்காரர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் காரின் இன்சூரன்ஸ். சொந்த உபயோகத்துக்கு என்று எடுத்த பாலிசி அது. வாடகைக்கு ஆள் ஏற்றினால் செல்லாது. டாக்சிக்கென்று தனியாக எடுக்க வேண்டும், அதற்குக் கட்டணம் கூடுதல். அந்தக் கூடுதலை மிச்சம் பிடிக்கத்தான் ஊரில் உள்ளவர்களையெல்லாம் உறவாக்கிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, நாளைக்கே ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?"

"இத்தனை வருஷத்துல என் வண்டியில ஒரு கீறல் பாத்திருக்கியா? சும்மா வாயை வெக்காத."

என் வாய்தான் ராசியில்லாத வாய் என்பது அவர் கட்சி. சொல்லிச் சொல்லி எனக்குத்தான் தொண்டை வறண்டது.

அந்தச் சொந்தங்களில் நிரந்தரமானவர் தையல்கார அத்தை. தனி ஆள். தைத்து முடித்த துணிகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வாரம் தவறாமல் கடைத்தெருவுக்குப் போவார். மூட்டை பின்சீட்டில், அத்தை முன்சீட்டில். வண்டியைக் கிளப்பும்போதே இவர் கேட்பார்.

"யாராவது கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"நான் உன் அத்தைப்பா!"

இரண்டு பேரும் சிரிப்பார்களாம். வீட்டுக்கு வந்து என்னிடம் பெருமையாகச் சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்படிப் போன ஒரு காலையில், சந்திலிருந்து ஒரு வேன் பின்புறமாக ரோட்டுக்கு வந்துவிட்டது. இவர் ஒடித்துத் திருப்பினார். வேன் தப்பியது, வண்டி விளக்குக் கம்பத்தில் போய் மோதியது. இவருக்கு நெற்றியில் சிராய்ப்பு. பின்சீட்டில் இருந்த துணிமூட்டை அலுங்காமல் இருந்தது. முன்சீட்டில் இருந்த அத்தை பயத்தில் கையை முன்னால் ஊன்றியிருக்கிறார். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது.

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து விசாரிக்க ஒருவர் வந்தார். பட்டறையில் காரைப் பார்த்துவிட்டு, அடிபட்டவரையும் பார்க்க வேண்டும் என்றார். நாங்கள்தான் அழைத்துப்போனோம். அத்தைக்கு வீடும் கடையும் ஒரே அறை. ஜன்னலோரம் தையல் மெஷின், அதன் ஊசிக்கடியில் பாதி தைத்த சட்டைக் கை அப்படியே நின்றிருந்தது. சுவரோரம் வெட்டிவைத்த துணிகள், ஒவ்வொன்றிலும் குண்டூசி குத்திய சீட்டு. மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அத்தை எங்களுக்கு நாற்காலி காட்டினார்.

"நீங்க இவருக்கு உறவா, இல்ல வாடகைக்கு ஏறினவங்களா?" என்று வந்தவர் கேட்டார்.

"அத்தை." கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. ஒரு வருஷமாக ஒத்திகை பார்த்ததாயிற்றே.

வந்தவர் நல்ல மனிதர். பேனாவைத் திறந்தவர் ஒரு நிமிஷம் தயங்கினார்.

"அப்படின்னா காரை ரிப்பேர் பண்ண கம்பெனி கொடுத்துடும்மா. ஆனா இந்தப் பாலிசியில சொந்தக்காரங்களுக்கு அடிபட்டா ஒண்ணும் கிடையாது. உறவுன்னு நீங்களே எழுதிக் கொடுத்துட்டா, அப்புறம் யார்கிட்டயும் நஷ்டஈடு கேக்க வழியில்ல. யோசிச்சுச் சொல்லுங்க."

"இதுல யோசிக்க என்னப்பா இருக்கு? கை தானா கூடிடும். அவன் பிழைப்பே வண்டிதானே."

வந்தவர் தாளை நீட்டினார். அத்தை இடது கையால் பேனாவைப் பிடித்தார். அது வழுக்கி விழுந்தது. எடுத்து மறுபடி பிடித்தார்.

வருஷம் முழுக்கக் கத்தியவள் நான். அந்த நேரத்தில் என் மனசு இவரைப் பார்த்து என்ன சொன்னது தெரியுமா? வாயைத் திறந்துடாதே மனுஷா, கார் பிழைக்கட்டும். அதைத்தான் வேண்டிக்கொண்டு, மெஷினில் நின்ற சட்டைக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவரும் அதைத்தான் பார்த்தார் போலிருக்கிறது.

"சார், எழுத வேண்டாம். அவங்க வாடகைக்கு ஏறினவங்க. எனக்கு அத்தையே கிடையாது."

அத்தையின் முகம் சுருங்கிப்போனது. கார் போகிறதே என்பதற்காக இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"டாக்சி பாலிசி மட்டும் இருந்திருந்தா வண்டிக்கும் கொடுத்திருப்போம், இந்தம்மாவுக்கும் கொடுத்திருப்போம்" என்றார் வந்தவர். "இப்ப ரெண்டுமே இல்ல. இவங்க செலவு உங்க தலையிலதான்."

"தெரியும் சார்" என்றார் இவர். எனக்கு அவர்மேல் ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது. அப்படி ஒரு புருஷன் எனக்கு வாய்த்ததற்குச் சந்தோஷப்பட எனக்கு இன்னும் கொஞ்சம் நாள் பிடித்தது.

காரை நொறுங்கியது நொறுங்கியபடியே பட்டறைக்காரருக்கு விற்றோம். வந்த பணம் அத்தையின் வைத்தியத்துக்கும் வீட்டு வாடகைக்கும் போனது. நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையிலிருந்து நேரே போய் அத்தைக்குத் துணி வெட்டிக் கொடுத்தேன். கோணல்மாணலாக வெட்டுகிறேன் என்று திட்டு வாங்கினேன். இவரைப் பற்றி மட்டும் அத்தை பேச்சே எடுப்பதில்லை.

பிறகு இவருக்கு இன்னொருவரின் டாக்சியை ஓட்ட வாய்ப்பு வந்தது. முதலாளி சாவியை நீட்டினால், "முதல்ல பாலிசியைக் காட்டுங்க" என்றிருக்கிறார். வாடகைப் பயணிகளுக்கும் சேர்த்துத்தான் என்பதை வரிவரியாகப் படித்த பிறகுதான் சாவியைத் தொட்டாராம். 'சொந்தக்காரர்' திருந்திவிட்டார் என்று மற்றவர்கள் கைதட்டினார்களாம்.

அந்த வண்டியில் முதல் சவாரி, அத்தைக்குக் கட்டுப் பிரிக்க ஆஸ்பத்திரிக்கு. நானும் போனேன். அத்தை பழைய ஞாபகத்தில் முன்கதவில் கை வைத்தார்.

"பின்னாடி உக்காருங்க" என்றார் இவர், ரோட்டைப் பார்த்துக்கொண்டு. "இனிமே யார் கேட்டாலும் சவாரின்னே சொல்லலாம்."

அத்தை பின்னால் ஏறினார். நான் முன்னால் உட்கார்ந்தேன். வண்டி கொஞ்ச தூரம் போனது.

"யாரும் கேக்கலைன்னா?" என்றார் அத்தை, மெதுவாக.

இவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் நான்தான் திரும்பிப் பார்த்துச் சொன்னேன்.

"கேக்கலைன்னா அத்தைதான்."