முழங்கை உயரத்தில் செம்பேன்

செடியின் சாற்றை உறிஞ்சும் செம்பேனுக்குச் சிறகு கிடையாது. கால்கள் எட்டு உண்டுதான். ஆனால் ஊசிமுனை அளவு உடம்பை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் நடப்பது? அதனால் பெரிய மனிதர்கள் பலரைப் போல அதுவும் அடுத்தவர் முதுகில் ஏறித்தான் முன்னேறுகிறது.

தோட்டக்காரியிடம் இரண்டு பசுமைக்குடில்கள் இருந்தன. பீன்ஸ் போட்டிருந்தது சொந்தக் குடில். பக்கத்தில் வெள்ளரி போட்டிருந்தது குத்தகைக் குடில். "இந்த ஒரு போகம் தேறட்டும், குத்தகையை நீட்டுறதைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்று இடத்துக்காரர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அன்றிலிருந்து அவள் புருஷனைக்கூட அத்தனை பிரியமாகப் பார்த்ததில்லை, வெள்ளரிக் கொடியைப் பார்த்த மாதிரி.

இவர்களுக்கு மேலே ஒருவர் இருந்தார். தோட்டக்காரியின் அக்கா புருஷன். ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அலுவலகம் அவரை விட்டுவிட்டது, அவர்தான் கண்காணிப்பை விடவில்லை. குடும்பத்தில் அவருக்கு 'தலைமையுரை' என்று பெயர். ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டால்கூட முன்னுரை, பொருளுரை, நன்றியுரை எல்லாம் வரும். தண்ணீர் வருவதற்குள் தாகம் அடங்கிவிடும்.

தினமும் காலையில் குடில்களைப் பார்வையிட வருவார். உள்ளே ஆவி பறக்கும் புழுக்கம். ஆனாலும் அந்தச் சடைசடையான பழுப்பு ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டார். வழியனுப்பு விழாவில் சக ஊழியர்கள் போட்டுவிட்டது. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, முழங்கைகள் இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி விரிய, முதலில் பீன்ஸ், அப்புறம் வெள்ளரி. குடிலுக்குள் பாதை ஓர் ஆள் அகலம். இவர் ஒன்றரை ஆள்.

பீன்ஸ் இலையில் வெளிறிய புள்ளிகள் விழுந்தன. புரட்டிப் பார்த்தால் அடியில் மெல்லிய நூலாம்படை, அதற்குள் சிவப்புத் தூசி. தூசி நடந்தது.

"செம்பேன்" என்றாள் தோட்டக்காரி, குரல் இறங்கி.

"காத்து!" என்றார் தலைமையுரை. "இதுக்குக் காரணம் காத்தும்மா. இலை நுனியில நூலை விட்டுத் தொங்கும். ஒரு காத்து அடிச்சா போதும், அடுத்த செடிக்குப் போயிடும். எல்லா ஜன்னலுக்கும் நைஸ் வலை அடிங்க. நான் சொல்றேன்."

அவர் சொன்னது பொய்யில்லை. செம்பேன் காற்றிலும் போகும். அதுதான் வம்பே. பாதி சரியாகப் பேசுகிறவரை எந்தக் குடும்பத்தால் நிறுத்த முடிந்திருக்கிறது? தோட்டக்காரியின் புருஷன் ஏணியில் ஏறினார். "உங்க அத்தானுக்குக் காத்து. எனக்கு இடுப்பு" என்று முனகிக்கொண்டே வலை அடித்தார்.

அடித்த வலைக்குள்ளேயே வெள்ளரி இலையிலும் புள்ளி விழுந்தது.

"நீங்க பீன்ஸைத் தொட்டுட்டுக் கை கழுவாம இங்க வந்தீங்களா?" என்று புருஷனைக் கேட்டாள்.

"கழுவிக் கழுவி ரேகையே அழிஞ்சு போச்சு. நீ குடிலுக்குக் குடில் மேல்கோட்டு மாத்தினியா?"

"மாத்தாம? உங்களைத்தான் மாத்தல."

சண்டை சூடு பிடிக்கும்போது தலைமையுரை உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டார். முகத்தில் ஓர் ஒளி வந்தது. விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டுவிட்டது.

"ரெண்டு பேரும் வாயை மூடிட்டு என்கூட வாங்க. கண்ணைத் திறந்து பார்த்தா திருடன் தானா மாட்டுவான்."

முன்னால் நடந்தார். "கவனிங்க. ஜன்னல் ஓரத்துக் கொடி சுத்தமா இருக்கு. அப்போ காத்து இல்ல. என் கருத்தை நானே மாத்திக்கிறேன், அதுதான் பெருந்தன்மை. புள்ளி எங்க இருக்கு? நடுப் பாதையில. பாதைக்கு ரெண்டு பக்கமும். மேல் இலையில இல்ல, கீழ் இலையில இல்ல. எல்லாம் இந்த உயரம்." முழங்கையைத் தூக்கிக் காட்டினார். முழங்கை இலையில் கச்சிதமாகப் போய்ப் பொருந்தியது.

"ஆக, எவனோ ஒரு ஆள் இந்த வழியா தினமும் நடக்கிறான். பீன்ஸ்ல ஏத்திக்கிட்டு இங்க வந்து இறக்குறான். அதுவும் சும்மா நடக்கல. பாருங்க, சில இடத்துல புள்ளி அதிகம். அங்கெல்லாம் நிக்கிறான். இந்தத் தண்ணிக்குழாய்கிட்ட நிக்கிறான். அந்தத் தூண்கிட்ட ரொம்ப நேரம் நிக்கிறான். நின்னு என்ன பண்றான்? பேசிக்கிட்டு..."

பேச்சு மெதுவாயிற்று.

"பேசிக்கிட்டு நிக்கிறான்" என்று ஏறக்குறைய தனக்குத்தானே சொன்னார். ஸ்வெட்டர் கையைக் கண்ணருகே கொண்டுபோனார். சடைக்குள் சிவப்புத் தூசி. நடந்தது.

தோட்டக்காரியின் புருஷன் குடிலின் கூரையை வெகு அக்கறையாகப் பார்த்தார். சிரிப்பை அடக்குபவனுக்குக் கூரையைவிட்டால் கதி ஏது?

அன்றைக்கு நன்றியுரை இல்லை. தலைமையுரை பேசாமல் வீட்டுக்குப் போனார். சற்று நேரத்தில் அக்காவின் போன் வந்தது.

"ஏண்டி, உங்க அத்தான் வாயே திறக்காம உக்காந்திருக்கார். எனக்குப் பயமா இருக்கு. காய்ச்சலா?"

"காய்ச்சல் இல்லக்கா. பேன்."

"ஐயையோ, பேனா!"

தோட்டக்காரி விளக்குவதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது. அக்கா பேன் சீப்பை எடுத்துக்கொண்டாள். அவர் தலையில் இருந்தது ஒரு கைப்பிடி முடி. வாரி, வார்த்து, மருந்து தேய்த்து, மறுபடி வாரினாள். அவர் தலையைக் குனிந்து கொடுத்தாராம். தண்டனை என்று ஏற்றுக்கொண்டார் போலிருக்கிறது.

மறுநாள் வாசலில் வந்து நின்றார். ஸ்வெட்டர் இல்லை. தலை பளபளத்தது. உள்ளே காலை வைக்கவில்லை.

"வெள்ளரி போயிடுமாம்மா?" என்றார். முன்னுரை இல்லாத முதல் வாக்கியம்.

தோட்டக்காரிக்குக் கோபம் இருந்தது. ஆனால் அந்தச் சீவிவிட்ட தலையைப் பார்த்ததும் அது எங்கோ வழுக்கி விழுந்துவிட்டது. ஒரு பாட்டிலை நீட்டினாள். உள்ளே தவிடு, தவிட்டுக்குள் வேறொரு ஜாதிப் பேன். செடியைத் தொடாது, செம்பேனைத்தான் தின்னும்.

"இதைப் புள்ளி விழுந்த இலை மேலெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா தூவணும் அத்தான். செம்பேன் அதிகமா இருக்கிற இடத்துல நின்னு அதிகமா தூவணும். அந்த இடமெல்லாம் உங்களைவிட யாருக்குத் தெரியும்?"

"நான்... பேசலாமா?"

"பேசுங்க. பேசினாத்தானே நிப்பீங்க."

துவைத்த மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். தண்ணிக்குழாயருகே நின்று காற்றைப் பற்றிப் பேசினார், பாட்டில் ஆடியது. தூணருகே நின்று பெருந்தன்மையைப் பற்றி வெகுநேரம் பேசினார். தவிடு மழையாகப் பொழிந்தது. எங்கே நஞ்சை இறக்கினாரோ அங்கேயே, அதே அளவில், மருந்தையும் இறக்கினார். பேனைப் பெருமாள் ஆக்குகிறவர் என்று இத்தனை நாள் கேலி செய்த தோட்டக்காரியின் புருஷனே, "நம்ம சகலைக்குக் கை ராசிதான்" என்றார்.

புதுத் துளிர்கள் புள்ளியில்லாமல் வந்தன. காய் தொங்கியது. இடத்துக்காரர் வந்தார். ஒவ்வோர் இலையாகப் புரட்டினார். முகம் மலர்ந்தது. அத்தோடு போயிருக்கலாம். "பேன் விழுந்துச்சுன்னு சொன்னாங்களே, எப்படிச் சரி பண்ணீங்க?" என்று கேட்டுவிட்டார்.

தலைமையுரை தொண்டையைச் செருமினார். தோட்டக்காரி அவர் முழங்கைகளைப் பார்த்தாள். அவரோ கைகளை முன்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, "செடி நடுவுல நின்னு பேசக் கூடாது. வெளிய வாங்க, விளக்கமா சொல்றேன்" என்று இடத்துக்காரரைத் தள்ளிக்கொண்டு போனார்.

வாசலில், முன்னுரை முடிந்து பொருளுரை தொடங்கும் தறுவாயில், இடத்துக்காரர் குத்தகையை நீட்டித்துவிட்டார். காய்ப்பு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர் அவ்வளவு அவசரமாகத் தலையாட்டியதற்குக் காய்ப்பு மட்டும் காரணமில்லை.