தண்ணீர் வரிசையில் அரசியல் சட்டம்

அடையாற்றுக் கரைக் குப்பத்துக்குத் தண்ணீர் லாரி என்றைக்குச் சொன்ன நேரத்துக்கு வந்தது? தொண்ணூற்று மூன்றாம் வருஷக் கோடையில் கேட்கவே வேண்டாம். குடங்களை வரிசையில் போட்டுவிட்டுச் சண்டை பிடித்தே பெண்களுக்குப் பொழுது போனது. அதை அடக்கத்தான், பத்தாவது படித்த மணிமொழியை எதையாவது உரக்கப் படிக்கச் சொன்னார்கள். குடிசைகளைக் காலி செய்யும் வழக்கில் வாதாடிய வக்கீலம்மா கொடுத்த அரசியல் சட்டப் புத்தகம் அவள் வீட்டில் கிடந்தது. லாரி வரும் நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து ஒரு சுற்று முடிந்து, இது இரண்டாவது சுற்று. கவர்னர் வரும் பக்கங்களில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள், அது வேறு விஷயம்.

இன்றைக்குப் பதினான்காம், பதினைந்தாம் பிரிவுகளைப் படிக்க வேண்டும். பதினைந்தை நினைத்தால்தான் மணிமொழிக்குப் பயம்.

எல்லாம் சொர்ணத்தால் வந்தது. அவள் மகன், சாக்கடை அள்ளும் வேறு சாதி வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, கைக்குழந்தையோடு வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டான். அந்த வீட்டுக் குடம் லாரிக் குழாயில் படக்கூடாது என்று குப்பத்துச் சங்கம் தீர்மானம் போட்டது. சங்கச் செயலாளர் வேறு யாருமில்லை, மணிமொழியின் புருஷன் பிரபுவேதான். நாலு நாளாகப் பிள்ளை பெற்றவளுக்கு அடிபம்பு உப்புத் தண்ணீர்தான். பதினைந்தைப் படித்தால் வீட்டுப் படி ஏறாதே என்று காலையில் சட்டையை மாட்டிக்கொண்டே பிரபு சொல்லியிருந்தான். சொன்னால் செய்கிறவன்.

பதினான்கை முடித்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, சர்க்கார் வேலை பற்றிய பதினாறுக்குத் தாவினாள். பாவி மகள், கூசாமல் தாவினாள்.

"பதினஞ்ச வுட்டுட்டியே, மணி."

சொர்ணம்தான். வரிசையை விட்டுத் தள்ளி, இடுப்பில் காலிக் குடத்தோடு நின்றாள். கையெழுத்துக்கூடப் போடத் தெரியாதவள்.

"சர்க்கார் துட்டுல நடக்குற கெணறு, கொளம், ரோடு எதுலயும் சாதியச் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது. போன தபா நீதான படிச்ச?"

அதில் லாரி வரவில்லையே என்று யாரோ முனகினாள். லாரி மட்டும் உங்கப்பன் துட்டிலா ஓடுகிறது என்று, வரிசையில் முதலில் நின்ற ரத்னா திருப்பிக் கேட்டாள். போன சுற்றில் அவளும்தானே கேட்டிருந்தாள். கேட்டதோடு நிற்காமல், சொர்ணத்துக்கு இடம் விட்டுத் தன் குடத்தை ஓரடி பின்னால் இழுத்தாள். அவளுக்குப் பின்னாலிருந்தவர்களும் முணுமுணுத்துக்கொண்டே இழுத்தார்கள்.

லாரி வந்தது. குழாயைப் பிடித்த பிரபு, முன்னால் வந்து நின்ற சொர்ணத்தையும் பெண்டாட்டியையும் முறைத்தான். முப்பது பெண்கள் பார்த்துக்கொண்டு நிற்கும்போது குழாயை வேறு பக்கம் திருப்ப அவனுக்குத் துணிச்சல் வரவில்லை.

நிறைந்த குடத்தோடு சொர்ணம் மணிமொழியிடம் வந்தாள். வீட்டுக்காரர் மிரட்டினார் என்று சொல்ல மணிமொழி வாயெடுத்தாள். அதற்குள் சொர்ணம் முந்திக்கொண்டாள்.

"எங்களுக்குப் படிக்கத் தெரியாது. நீ படிக்கிறதுதான் சட்டம்னு நம்பிக்கினு இருந்தோம். போன தபா இன்னா இன்னா வுட்டியோ, யாரு கண்டா?"

போன தடவை மணிமொழி ஒரு வரிகூட விட்டதில்லை. அதை இனி யாரிடம் போய்ச் சொல்வாள்?